கிளினிக் கொப்பியில் சித்த மருந்துக்கும் ஒரு பக்கம் தாருங்கள்

வடமாகாணத்தில் ஆங்கில மருத்துவத்தையும் சித்த மருத்துவத்தையும் நிர்வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஈரலில் கொழுப்புப் படிந்தவர்களால் எங்கள் கிளினிக்குகள் நிறைந்திருப்பதையும், அவர்களுள் பலர் அதே வாரத்தில் சித்த வைத்தியசாலை வரிசையிலும் நிற்பதையும் தாங்கள் அறிவீர்கள். அறிந்திருந்தும், இந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையில் ஒரு துண்டுக் கடிதம்கூடப் போய்வருவதில்லை என்பதே என் முறைப்பாடு.

கடந்த மாதம் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றபோது, வைத்தியரின் அறை வாசலில் அவர் கைப்பையைத் திறந்து ஒரு சூரணப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "உதை உள்ளுக்கை காட்டிப்போடாதை பிள்ளை, டொக்டர் ஏசுவார்" என்றார். பொட்டலத்தில் மருந்தின் பெயர் இல்லை. "2 வேளை, சாப்பாட்டுக்கு முன்" என்று பென்சிலால் எழுதியிருந்தது. உள்ளே, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று வைத்தியர் கேட்டார். அம்மா இல்லை என்றார். நானும் பேசாமல் நின்றேன். ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.ரி. முன்பு 54 ஆக இருந்தது, அன்று 186. அது நோயாலா, மாத்திரையாலா, சூரணத்தாலா என்று இன்றுவரை எவராலும் சொல்ல முடியவில்லை.

மூலிகையை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பரியாரிமார் நாடி பிடித்த கையோடு மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பார்கள். ஈரலுக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஈரல் வாயினாளம் என்னும் இரத்தக்குழாயின் வழியே குடல் பக்கமிருந்தே வருவதால், அந்தக் கேள்வியின் பெறுமதி இன்று ஆய்வுகூடத்திலும் விளங்குகிறது. குடற்சுவர் தளரும்போது பற்றீரியாக்களின் நச்சுப்பொருள்கள் அதே வழியால் ஈரலை அடைந்து அழற்சியைத் தூண்டுகின்றன. மது தொடாதவர்களின் குடலிலேயே அற்ககோலை உண்டாக்கும் கிளெப்சியெல்லா என்னும் பற்றீரியா வகைகள் கொழுப்பு ஈரலோடு தொடர்புபட்டிருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்டார்கள். மரமஞ்சளில் உள்ள பேர்பெரீன் என்னும் மருந்துப்பொருள் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்வதால், அதன் வேலையில் பெரும்பங்கு குடல் பற்றீரியாக்களிடத்திலேயே நடக்கிறது என்று கருதுகிறார்கள். இவ்வளவு ஆற்றல் உள்ள பொருளைப் பெயரில்லாப் பொட்டலத்தில் கொடுப்பது எந்த வைத்திய முறைக்கும் பெருமையாகாது. சீந்தில் உட்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை வைத்தியர்கள் 2021 இல் பதிவுசெய்ததும் தங்களுக்குத் தெரிந்ததே.

ஆகவே கேட்கிறேன்: நோயாளி உட்கொள்ளும் இரு மருந்துகளும் ஒரே கிளினிக் கொப்பியில் எழுதப்பட வேண்டும். பொட்டலத்தில் மூலிகைகளின் பெயர் இருக்க வேண்டும். சூரணம் தொடங்குமுன் ஒரு தடவையும், மூன்று மாதத்தில் மறு தடவையும் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரே பல்கலைக்கழகம் இரண்டு மருத்துவத்தையும் கற்பிக்கிறது. ஒரே அரசு இருசாராருக்கும் சம்பளம் கொடுக்கிறது. கட்டடத் திறப்பு விழாக்களில் இருசாராரும் ஒரே மேடையில் அமர்கிறார்கள். ஆனால் எழுபது வயதுப் பெண் ஒருவர் தன் மருந்தைத் திருடிய பொருளைப் போல ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள்.

அம்மாவின் அடுத்த கிளினிக் வருகிற மாதம். அதற்குள் அந்தக் கொப்பியில் ஒரு பக்கத்தை ஒதுக்கித் தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்,
யாழ்ப்பாணம்.