பிரிட்டோரியாவிலிருந்து அப்பாவுக்கு

பிரிட்டோரியா,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது நிம்மதியாக இருந்தது. அதற்காக உடனே மாலை நேரத்தில் மைதானத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம். நேற்று இங்கே மகளிர் நாள் விடுமுறை. 1956 ஆம் ஆண்டு இதே ஊரில், கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அடையாளப் பாஸ் சட்டங்களை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் யூனியன் பில்டிங்ஸ் என்னும் அரசு மாளிகைக்கு ஊர்வலமாகச் சென்றதன் நினைவாக அது கொண்டாடப்படுகிறது. அந்த ஓய்வில்தான் உங்கள் கடிதத்துக்கு ஆற அமரப் பதில் எழுத முடிந்தது.

ஊர் பிடித்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பிடித்துக்கொண்டு வருகிறது. இப்போது குளிர்காலம், மழை ஒரு சொட்டும் இல்லை, விடியற்காலையில் விரல் மரத்துப்போகிறது, பத்து மணிக்கெல்லாம் நம் மார்கழி வெயில் அடிக்கிறது. ஹாட்ஃபீல்டில் கௌட்ரெயின் என்னும் விரைவு ரயிலில் ஏறினால் அலுவலகம் இருக்கும் செஞ்சூரியனுக்கு விரைவில் போய்விடலாம். இருட்டிய பிறகு தனியாக நடப்பதில்லை. வீடுகளின் மதில்மேல் மின்கம்பி ஓடுவதைப் பார்த்துப் பழகிவிட்டது. மக்காச்சோள மாவில் கிளறும் ‘பாப்’ நம் கேழ்வரகுக் களியைப் போல இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மராபஸ்டாட் பகுதியில் நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நிறவெறி ஆட்சி அவர்களை அங்கிருந்து லாடியம் என்ற புறநகருக்கு அப்புறப்படுத்திய பின்னும் கோயில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியது இரண்டாவது கேள்வியின் விடை என்பது எனக்குத் தெரியும். இந்நாட்டு ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யாவின் வழக்கில் ஜூலையில் வந்த தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, “அந்தப் பெண் செமன்யாவைப் பற்றி அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள்?” என்று எழுதியிருந்தீர்கள். அவர் படித்த, பயிற்சி பெற்ற பல்கலைக்கழகம் என் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

காஸ்டர் செமன்யா 1991 ஜனவரியில் லிம்போப்போ மாகாணத்தில், போலக்வானே நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்றான கா-மசெலாங்கில் பிறந்தவர். என் அலுவலகத் தோழி ஒருவருக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். அவரோடு ஒருமுறை அங்கே போயிருந்தபோது சிவந்த மண்ணும் முட்செடிகளும் மேய்கிற ஆடுகளுமாகப் புதுக்கோட்டைச் சீமைக்கே வந்துவிட்டது போலிருந்தது. சிறுவயதில் செமன்யா ஆண்பிள்ளைகளோடு கால்பந்து ஆடியவர். கால்பந்துக்கு உடம்பைத் தயார் செய்ய ஓடத் தொடங்கி, ஓட்டமே பிடித்துப்போய் அதிலேயே நின்றுவிட்டார். செயற்கைத் தடம் இல்லாத ஊரிலிருந்து வந்த அவருக்கு முதல் பெரிய பன்னாட்டுப் பதக்கம் கிடைத்தது நம் நாட்டில்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா? 2008 அக்டோபரில் புனேயில் நடந்த காமன்வெல்த் இளையோர் விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 4.23 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

அடுத்த கணக்கை நீங்கள் ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்தவராகப் படிக்க வேண்டும். ஓராண்டு முடிவதற்குள், 2009 ஜூலை இறுதியில், மொரீஷியஸில் நடந்த ஆப்பிரிக்க இளையோர் போட்டியில் அதே தூரத்தை 1:56.72இல் முடித்தார். ஏழரை வினாடி குறைந்திருக்கிறது! பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை வினாடி குறைப்பதற்கே ஒரு பருவம் முழுக்க விசில் ஊதிய உங்களுக்கு அதன் எடை விளங்கும். மூன்று வாரத்தில் பெர்லின் உலகப் போட்டி. ஆகஸ்ட் 19 அன்று, பதினெட்டு வயதில், 1:55.45 நேரத்தில் உலக வாகையர் ஆனார். இரண்டாவதாக வந்த கென்யாவின் ஜெப்கோஸ்கெய்க்கும் அவருக்கும் இடையில் இரண்டு வினாடிக்கு மேல் இடைவெளி.

அந்த இறுதி ஓட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்புதான், அவர் பெண்தானா என்று சோதிக்கப்படுகிறார் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியிருந்தது. பெர்லினுக்குக் கிளம்பும் முன்பே பிரிட்டோரியாவிலும் அவருக்குச் சோதனை நடந்திருந்தது. வழக்கமான ஊக்கமருந்துச் சோதனை என்று நினைத்தே அவர் அதற்குப் போனார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்துவந்த தென்னாப்பிரிக்கத் தடகளச் சங்கத் தலைவர் லியோனார்ட் சூனே, பின்னர் தாம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். வெளியாரின் சந்தேகத்தைவிட இதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. பிள்ளைக்குப் பாதுகாப்பாக நிற்க வேண்டியவர்கள் பதக்கத்தை எண்ணிக்கொண்டு, அவளிடமே உண்மையை மறைத்தார்கள்.

ஆனாலும் அவர் ஊர் திரும்பியபோது ஜொஹன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆடிப்பாடி வரவேற்றார்கள். குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா நேரில் அழைத்துப் பாராட்டினார். அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்திதான் நினைவுக்கு வருகிறார். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் இதே 800 மீட்டரில் வெள்ளி வென்று, சோதனைக்குப் பின் பதக்கத்தை இழந்து திரும்பியவர். மாநில அரசு 15 லட்சம் ரூபாய் வழங்கியது, அது நல்ல செயல். ஆனால் அவருக்காக எந்த நடுவர் மன்றத்திலும் நம் சங்கங்கள் வழக்காடவில்லை. இங்கே அரசும் வழக்கறிஞர்களும் இறுதிவரை நின்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஓட்டத்தில் இல்லை.

பதினொரு மாதம் களத்துக்கு வெளியே இருந்து, 2010 ஜூலையில் அனுமதி பெற்று பின்லாந்தில் மறுபடி ஓடினார். இயற்கையாக உடம்பில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் குறைக்க மருந்து உட்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காலத்து நிபந்தனை. அந்த மருந்து தம்மை நோயாளியாக்கியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த நிலையிலும் 2011 டேகு உலகப் போட்டியிலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் பெற்ற ரஷ்யாவின் சவினோவா ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பதக்கங்களை இழந்ததால் இரண்டும் பிறகு தங்கமாயின. 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் அரையிறுதியோடு வெளியேறினார். அதே ஆண்டு நம் ஒடிசாவின் டூட்டி சந்த் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி அந்த விதியை நிறுத்திவைக்கச் செய்ததால்தான், செமன்யா மருந்தை விட முடிந்தது. இந்தியாவிலிருந்து ஒரு பெண் தொடுத்த வழக்கு இந்நாட்டின் பொட்செஃப்ஸ்ட்ரூம் நகரில் பயிற்சி செய்துகொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்கு வழிவிட்டதைப் பலரும் குறிப்பிடுவதே இல்லை.

அதன்பின் வந்த 2016 ஏப்ரலைப் பற்றி இங்குள்ளவர்கள் பேசினால் நிறுத்தமாட்டார்கள். ஸ்டெல்லன்பாஷில் நடந்த தேசியப் போட்டியில் ஒரே நாளில் 400, 800, 1500 மீட்டர் மூன்றையும் வென்றார்: 50.74 வினாடி, 1:58.45, 4:10.93. வேகத்துக்கும் தாங்குதிறனுக்கும் வெவ்வேறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதே உங்கள் வழக்கம். மூன்றுக்கும் ஒரே பிள்ளையின் பெயரை எழுதினால் நீங்களே பட்டியலைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆகஸ்டில் ரியோவில் 1:55.28, ஒலிம்பிக் தங்கம். 2018இல் பாரிஸில் 1:54.25, அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம்.

அந்த 2018 ஆம் ஆண்டிலேயே உலகத் தடகளச் சங்கம் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் டெஸ்டோஸ்டிரோன் அளவில் புதிய வரம்பைக் கொண்டுவந்தது. அவர் ஓடும் தூரங்களை அளந்து வேலி போட்டது போன்ற விதி. 2019 மே 1 அன்று நடுவர் மன்றம், விதி பாகுபாடு காட்டுவதே என்று ஒப்புக்கொண்டும், அது தேவையானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு நாள் கழித்து தோஹாவில் 1:54.98இல் வென்றார். மருந்தை மறுபடி தொட மறுத்ததால் அந்தத் தூரத்தின் கதவு அவருக்கு மூடப்பட்டது. 5000 மீட்டருக்கு மாறிப் பார்த்தார். 2022 உலகப் போட்டியில் முதற்சுற்றைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் படித்த ஜூலை 10 தீர்ப்பு ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தினுடையது: அந்த நடுவர் மன்றம் இருக்கும் சுவிட்சர்லாந்து அவருக்கு நியாயமான விசாரணை தரவில்லை என்று 15க்கு 2 என்ற பெரும்பான்மையில் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓட்ட விதியை மாற்றவில்லை. ஜூலை இறுதியில், மகளிர் பிரிவில் ஓடுவோர் அனைவரும் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

இங்கே எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை. அவரோடு ஓடித் தோற்ற பெண்களும் வருடக்கணக்கில் வியர்வை சிந்தியவர்கள்தாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. மகளிர் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பது உண்மை. ஆயினும் நலமாக உள்ள ஒரு பெண்ணிடம், ஓட வேண்டுமானால் உடம்பைக் கெடுக்கும் மருந்தை விழுங்கு என்று சொல்வதும், அவளுடைய உடற்சோதனையைச் செய்தியாக்கி ஊர் சிரிக்கவிடுவதும் எந்த எல்லைக்கும் தேவையில்லாதவை. நீங்கள் வேறாக நினைத்தால் தயங்காமல் எழுதுங்கள்.

இப்போது முப்பத்து நான்கு வயதாகும் செமன்யா இளையோருக்குப் பயிற்சி தருகிறார். இந்த நாட்டின் 800 மீட்டர் நம்பிக்கை பிரூடென்ஸ் செக்கோடிசோ என்ற இளம்பெண்மேல் இறங்கியிருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர், சென்ற மார்ச்சில் நான்ஜிங்கில் உள்ளரங்க உலகத் தங்கமும் வென்றார். செப்டம்பர் 13 முதல் டோக்கியோவில் உலகப் போட்டி. அவருடைய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, முதல் சுற்றை எந்த வேகத்தில் எடுத்தார், கடைசி இருநூறில் யார் பின்னால் இருந்தார் என்று குறித்து அனுப்புங்கள். என் தோழி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு. அடுத்த மாதப் பணத்தை வழக்கம்போல் அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
கயல்விழி