கோப்பு இல்லையாம், என் ஒப்பம் மட்டும் பத்திரமாக இருக்கிறதாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழலைக் கண்டும் மக்கள் ஏன் முறைப்பாடு செய்வதில்லை என்று போன வாரம் உங்கள் ஆசிரியர் தலையங்கம் கேட்டிருந்தது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்று ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது, இருந்தும் சனம் வாய் திறப்பதில்லையே என்று எழுதியிருந்தீர்கள். வாய் திறக்காத அந்தச் சனத்தில் நானும் ஒருவன். அதனால் பதில் எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் ஒட்டுசுட்டானுக்கு இப்பால் காட்டுக்குள் இறங்கினால் எங்கள் ஊர். மூன்றரை ஏக்கர் வயல், எட்டு மாடு, வயது அறுபத்திரண்டு. எங்கள் கமக்காரர் அமைப்புக்கு, அதாவது ஊர் விவசாயிகளின் சங்கத்துக்கு, இரண்டு வருடம் செயலாளராக இருந்தேன். நான் சொல்லப் போவது அப்போது நடந்தது.

எங்களுடையது சின்னக் குளம். இரணைமடு, முத்தையன்கட்டு போல அமைச்சர் வந்து படம் எடுக்கும் குளம் இல்லை. குளக்கட்டு ஓரிடத்தில் இறங்கி, தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசடியில் கசிவும் இருந்தது. திருத்தித் தரச் சொல்லி நாலைந்து தடவை எழுதினோம். கடைசியில் வேலை வந்தது. எப்போது வந்தது தெரியுமா? புரட்டாதி பிறந்த பிறகு. வைகாசி, ஆனி, ஆடி என்று குளம் வற்றிக் கிடந்த மாதமெல்லாம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வானம் கறுக்கத் தொடங்கியதும் மண் அள்ளும் பெக்கோவும் டிப்பரும் வந்து நின்றன.

குளக்கட்டுக்கு மண் போடுவது வேலிக்கு மண் அணைப்பது போன்ற வேலை இல்லை. பழைய கட்டின் புல்லையும் வேரையும் செதுக்கி எடுக்க வேண்டும். பிறகு அரையடிக்குள் ஒரு படை மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கிவிட்டு அடுத்த படை போட வேண்டும். இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வந்தவர்கள் புல்லின் மேலேயே கிரவல் மண்ணைக் கொட்டி, பெக்கோவின் வாளியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். ரோலர் ஒரு நாள் வந்தது. அதுவும் மரநிழலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

வீதியோரம் ஒரு பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள். திட்டத்தின் பெயர், திணைக்களத்தின் பெயர், கொந்தராத்துக்காரரின் பெயர் எல்லாம் மூன்று மொழியிலும் வடிவாக எழுதியிருந்தது. "தொகை: ரூபா" என்ற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை. பெயின்ற் முடிந்திருக்கும், நாளைக்கு எழுதுவார்கள் என்று நினைத்தோம். அந்தப் பலகை இப்போது ஒரு வீட்டில் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாக இருக்கிறது. இன்றைக்கும் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

இனி, சொல்ல வெட்கமான பகுதிக்கு வருகிறேன்.

வேலை முடிந்த அன்று பின்னேரம் ஒரு உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சீற்றின் மேல் மூன்று தாளை வைத்து, "இதில ஒரு ஒப்பம் வையுங்கோ அண்ணை, பில் மாட்டுப்பட்டு நிக்குது" என்றார். வேலை திருப்தியாக முடிந்தது என்று அமைப்பின் செயலாளர் உறுதிப்படுத்தும் கடிதம் அது. தொகை எழுதும் இடம் அதிலும் வெறுமை. கசிவு நிற்கவில்லையே என்று சொன்னேன். "அது பிறகு பாப்பம். இப்ப இழுத்தடிச்சா உங்கட அமைப்புக்கு அடுத்த வேலை வராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தம்பி அண்ணனுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். வாய்க்கால் திருத்தும் சின்ன வேலை ஒன்றை அமைப்பின் பெயரிலேயே எடுக்க நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒப்பம் வைத்தேன். அவர் வாங்கி வந்த சோடாவையும் பணிஸையும் சாப்பிட்டேன். காசு வாங்கவில்லை. ஆனால் அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்த்திகையில் மழை கொட்டியது. புதிதாகப் போட்ட மண் ஒரே இரவில் கரைந்து வயலுக்குள் இறங்கிவிட்டது. பழைய கட்டு மட்டும் தாங்கி நின்றது. இல்லாவிட்டால் கீழே இருந்த வீடுகளின் கதி வேறு. விடிய விடிய மண்மூடை அடுக்கினோம். மூடை பிடித்து நின்ற ஒருவன் என்னைப் பார்த்து, "செயலாளர் ஐயா, திருப்தியோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

என் ஐயாவின் காலத்தில் வயலின் அளவுக்கு ஏற்ப ஆளுக்கு இத்தனை முழம் கட்டு என்று பங்கு பிரித்து மண் போட்டார்கள். யாருடைய பங்கு கரைந்தது என்று ஊருக்கே தெரியும். குளத்துத் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை வந்து நின்று ஏசுவார். இப்போது கரைந்தது யாருடைய பங்கு என்று யாரைப் போய்க் கேட்பது? குளங்களுக்கு மேலே ஒரு மாகாண சபை இருந்தது. 2013 செப்டம்பரில் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. 2025 ஒக்டோபரோடு ஏழு வருடம், தேர்தல் இல்லை. பிரதேச சபைத் தேர்தலைக் காசில்லை என்று 2023இல் தள்ளிப் போட்டு, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2025 மே மாதம்தான் வைத்தார்கள். எங்கள் பிரதேச சபை உறுப்பினர் நல்ல பிள்ளை. குளத்தைப் பற்றிக் கேட்டால், "அது எங்களுக்குக் கீழ வராது ஐயா" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னாள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதைத் தமிழில் எடுத்து வந்து இரவு முழுக்க எனக்கு வாசித்துக் காட்டினாள். அதில் ஒரு பிரிவு என்னைத் தூங்க விடவில்லை. உள்நாட்டுப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும், அந்தத் திட்டத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டுமாம். அது அமைச்சரின் கடமையாம். எங்கள் குளத்துக்கு அந்தளவு காசு போகாமலா இருந்திருக்கும்? மூன்று மாதம் முன்பு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடி வெயில்தான்.

விண்ணப்பத்தை எழுதிக் கந்தோருக்குக் கொண்டு போனேன். மதிப்பீடு எவ்வளவு, கொடுத்த காசு எவ்வளவு, அளந்தது யார் என்று மூன்று கேள்வி மட்டும். "உங்களுக்கு எதுக்கு ஐயா இது?" என்று கேட்டார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தில் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு யாரும் என்னை ஐயா என்று கூப்பிடவில்லை. பற்றுச்சீட்டு வாங்க மூன்று தடவை போனேன். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: கோரப்பட்ட கோப்பு தற்போது கிடைக்கப்பெறவில்லை.

ஆசிரியர் அவர்களே, 2009இல் போரின் கடைசியில் மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று ஓடியபோது காணி அனுமதிப்பத்திரத்தையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் என் மனைவி சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தா. சமைக்கிற பானையை விட்டுவிட்டு வந்தோம், அதை விடவில்லை. மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் வெள்ளம் வந்தபோதும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. மீள்குடியேறி வந்த பிறகு கந்தோர் கந்தோராக "மூலப் பிரதி எங்க?" என்று எங்களைக் கேட்டார்கள். கொடுக்க முடியாதவர்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்று வன்னியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சொல்வார்கள். ஷெல்லுக்குள் ஓடிய சனம் கடதாசியைக் காப்பாற்றி வைத்திருக்க, மின்விசிறிக்குக் கீழே இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்த கோப்பு தொலைந்துவிட்டதாம்.

பதில் வந்த மறுநாள் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. குரல் பழக்கமில்லை. "அண்ணை, அந்தக் கடிதத்தில நீங்களும் ஒப்பம் வைச்சனீங்கள்தானே. அது பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோப்பு இல்லை, ஆனால் அந்தக் கோப்புக்குள் இருந்த என் ஒப்பம் இருக்கிறது.

மக்கள் ஏன் முறைப்பாடு செய்வதில்லை என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் உள்ள பதில் இந்தத் தொலைபேசி அழைப்புத்தான். பயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பயத்தில் நாங்கள் முப்பது வருடம் பழகியவர்கள். ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டவன், வரவுப் பட்டியலில் வராத ஆளின் பெயரைப் போட்டவன், வீட்டுத் திட்டத்தில் பெயர் வர ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் என்று எங்கள் எல்லோருடைய ஒப்பமும் எங்கோ ஒரு அலுமாரியில் இருக்கிறது.

"அந்தக் காலத்தில இங்க இலஞ்சம் எண்ட கதையே இல்லை" என்று சிலர் புலிகளின் பழைய நிர்வாகத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இலஞ்சம் இல்லை, சரி. கேள்வி கேட்க முடிந்ததா? அதையும் சேர்த்துத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். இதை எழுதியதற்கு எனக்கு ஊரில் ஏச்சு விழும்.

மேலே நடப்பது தெரியாமலும் நான் எழுதவில்லை. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியால் இரசாயனப் பசளையை நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்கள். இடையில் அகப்பட்ட காலபோகத்தில், அதாவது மாரி விதைப்பில், என் வயல் வழக்கத்தில் பாதிதான் தந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்கள் மூவரையும் வேறு சிலரையும் பெயர் சொல்லி, பொருளாதாரத்தைச் சீரழித்து மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. 2024இல் ஊழலை ஒழிப்போம் என்ற தேசிய மக்கள் சக்திக்கு நாடாளுமன்றத்தில் 159 ஆசனம் கொடுத்தோம். வன்னியிலும் அவர்களுக்கு விழுந்தது. என் வாக்கும் அதில் ஒன்று. 2025 ஓகஸ்டில் ரணில் விக்கிரமசிங்கவைக் கைது செய்ததைத் தேத்தண்ணிக் கடையில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒரு முன்னாள் ஜனாதிபதி சிறை வாகனத்தில் ஏறுவதைக் காண்போம் என்று நான் நினைத்ததே இல்லை. பக்கத்தில் இருந்த கிழவர் தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டு, "உதெல்லாம் சரி, துருசுக் கதவு எப்ப போடுவாங்களாம்?" என்று கேட்டார்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்துக்கு இருந்த தாய்மாரும் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகள் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் பதில் இல்லை. அவர்களுடைய கேள்விக்கு முன்னால் என்னுடையது வெறும் மண் கணக்கு. ஆனால் மண் கணக்குக்கே பதில் தராத கந்தோர், அந்தத் தாய்மாருக்கு என்ன பதில் தரப்போகிறது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. அந்தப் பலகையில் வெறுமையாக விட்ட இடத்தில் ஒரு இலக்கம் எழுதச் சொல்கிறேன். திங்கட்கிழமை குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போடுகிறேன். அதற்கும் பதில் வராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. கூடவே, வேலை திருப்தியாக நடக்கவில்லை, தெரிந்துகொண்டே ஒப்பம் வைத்தேன் என்று என் கையால் ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புவேன். தபால் பற்றுச்சீட்டை மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அந்தச் சொப்பிங் பை இப்போதும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் போடுவதென்றால் ஐப்பசி மழைக்கு முன்னம் போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். பசளை மானியப் படிவத்துக்கு ஒப்பம் வாங்க அடுத்த கிழமை நான் அதே கந்தோருக்குத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர்,
கமக்காரர் அமைப்பு ஒன்று,
ஒட்டுசுட்டான் பக்கம்.