பெட்டியில் 124, தராசில் 117: துப்பாக்கிக் குண்டு எடைக் குளறுபடி குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் ஆறாண்டு கால வாடிக்கையாளர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 124 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) என்று குறித்து விற்ற 9 மி.மீ. ஈயக் குண்டுகள் எடை குறைந்திருந்தமை. அந்தத் தொகுதியைத் திரும்பப் பெறக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்களிடம் வாங்கிய 2,000 குண்டுகள் கொண்ட பெட்டியால் சென்ற மாதம் ஒரு போட்டியில் என் மதிப்பெண் முழுவதும் பறிபோனது. நான் எழுதிக் கேட்டதற்கு, "வார்ப்புக் குண்டுகளில் எடை சற்று ஏறி இறங்குவது இயல்பு" என்று இரண்டே வரியில் பதில் அனுப்பினீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்கத் துப்பாக்கி சுடுதல் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் போட்டிகளில், குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி பொருத்திய கைத்துப்பாக்கிகளுக்கான கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் சுடுபவன் நான். உறையில் பவுடரும் (வெடிமருந்து) குண்டும் வைத்துத் தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். இந்தப் பிரிவில் எல்லோருக்கும் மைனர் (குறைந்த சக்தித் தோட்டாவுக்கான) மதிப்பெண்தான். மேஜர் (அதிக சக்தி) அளவுக்கு ஏற்றிச் சுட்டு, இலக்கின் நடுவை விட்டு விலகிய சி பகுதியில் பட்டாலும் 3-க்குப் பதில் 4 வாங்கும் வழி இங்கே கிடையாது. குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வரும் பவர் ஃபேக்டர் 125-ஐத் தொட்டால் போதும். அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் கையில் உதைப்பாகத்தான் வந்து சேரும். ஆனால் 125-ஐ ஒட்டியே நிற்கவும் முடியாது. குளிர்ந்த காலையும் வேகம் அளக்கும் வேறொரு குரோனோகிராஃபும் சேர்ந்தால் இரண்டு மூன்று புள்ளிகள் நழுவிவிடும். அதனால் பல ஆண்டுகளாக 130-ஐச் சற்றுத் தாண்டி வைத்திருக்கிறேன். தங்கள் 124 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1,055 அடி வேகத்தில் போனால் 130.8. சுட்டதும் சிவப்புப் புள்ளி மேலெழும்பி, பழைய இடத்திலேயே வந்து அமரும். அந்த அளவுக்கு என் கை பழகிவிட்டது.

புதிய பெட்டியைப் பிரித்து வழக்கம்போல் நிரப்பிச் சோதித்தபோது வேகம் 1,080-க்கு ஏறியது. அதே வாரம் புதிய பவுடர் டப்பாவையும் திறந்திருந்தேன். இந்தத் தொகுதிப் பவுடருக்கு வீரியம் கூடுதல் போலும் என்று எண்ணி, அளவைக் குறைத்து 1,056-க்குக் கொண்டுவந்தேன். பெட்டியில் அச்சிட்ட 124-ஆல் பெருக்கினால் 130.9. நிம்மதியாகப் போட்டிக்குக் கிளம்பினேன். வேகம் ஏறியதற்குக் காரணம் பவுடர் அல்ல, குண்டு இலேசாக இருந்ததுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தங்கள் எண்ணை நம்பி, ஏற்கெனவே குறைந்திருந்த சக்தியை நானே மேலும் குறைத்திருக்கிறேன்.

போட்டியில் பவர் ஃபேக்டரைச் சோதிக்க என் தோட்டாக்களிலிருந்து எட்டை எடுத்தார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டைத் தராசில் வைத்தார் அதிகாரி. திரையில் 117.0. தராசில் கோளாறு என்றே நினைத்தேன். அவர் எடைக்கல்லை வைத்துக் காட்டினார். தராசு சரியாக இருந்தது. மூன்று தோட்டாக்களைச் சுட்டதில் வந்த பவர் ஃபேக்டர் 123.3. இன்னும் மூன்று சுட்டார்கள். ஆறில் வேகமான மூன்றின் சராசரி 1,062, அப்படியும் 124.3. கடைசித் தோட்டாவைச் சுடுவதா, பிரித்து எடைபோடுவதா என்று என்னிடம் கேட்டார்கள். எடைபோடச் சொன்னேன். 117.4 காட்டியது. பெருக்கினால் 124.7. தசமத்துக்கு விதியில் இடமில்லை, 124.99 வந்தாலும் அது 125 ஆகாது. இன்னும் அரை கிரெய்ன் எடை இருந்திருந்தால் தப்பியிருப்பேன். மீதிச் சுற்றுகளை மதிப்பெண் இல்லாமலேயே சுட்டு முடித்தேன்.

வீடு திரும்பியதும் அந்தப் பெட்டியிலிருந்து நூறு குண்டுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். மிகக் குறைந்தது 116.3, மிக அதிகம் 117.9. தாங்கள் சொல்லும் ஏற்ற இறக்கமாக இருந்தால் 124-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அல்லவா சிதறியிருக்க வேண்டும்? நூற்றில் ஒன்றுகூட 118-ஐத் தொடவில்லை. பழைய பெட்டியில் மிஞ்சிய ஒரு குண்டைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். அதே சிவப்புப் பூச்சு, அதே வட்ட மூக்கு. ஆனால் புதியது முடியளவு குட்டை. தாங்கள் 115 கிரெய்ன் குண்டும் விற்கிறீர்கள். கலவையில் ஈயம் கூடினால் அந்த அச்சில் 117 விழுவது வார்ப்பவர்கள் அறிந்ததே. அந்தக் குண்டுகள்தாம் 124 பெட்டிக்குள் வந்திருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் மதிப்பெண் போனதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இரண்டும் இடம் மாறியிருந்தால், 115 என்று குறித்த பெட்டியில் 124 கிரெய்ன் குண்டுகளை யாரோ ஒருவர் இப்போது வைத்திருக்கக்கூடும். நீளமான குண்டு உறைக்குள் கூடுதல் இடத்தை அடைக்கும். பவுடருக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். 9 மி.மீ. தோட்டாவுக்கு விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. 115-க்கு உரிய உச்ச அளவில் பவுடர் நிரப்புகிறவர், தெரியாமலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். துப்பாக்கி வெடித்துச் சிதறினால், அது அவர் முகத்துக்கு முன்னால்தான் நடக்கும்.

ஆகவே இந்தத் தொகுதியையும், அதே நாட்களில் கட்டிய 115 கிரெய்ன் பெட்டிகளையும் வாங்கியவர்களுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் கேட்கிறேன். பெட்டியின் விலையையும் போட்டிக் கட்டணத்தையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். குண்டுகள் எப்படி மாறின என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும். "இயல்பு" என்ற சொல் அதில் இருக்கக் கூடாது.

தொகுதி எண்ணுள்ள ஒட்டுத்தாளின் படத்தையும் பத்துக் குண்டுகளையும் இத்துடன் அனுப்புகிறேன். தங்கள் தராசிலேயே வைத்துப் பாருங்கள். நிரப்பிய 700 தோட்டாக்களில் மிஞ்சியவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நிரப்பாத 1,300-இல் மீதியைப் பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.