கதிருக்கு: அந்த ஃபில்டரைக் கழுவிவிடாதே

அன்புள்ள கதிர்,

நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து இதே யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் இரண்டடித் தொட்டியும் ஆறு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கினாய், வியாழனுக்குள் மூன்று போய்விட்டன. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு அத்தை, அப்புறம் ஏன் சாகுது?" என்றாய். எல்லாவற்றையும் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன் என்றும் சொன்னாய். அதை மட்டும் செய்யாதே. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அத்தை" என்பாய், அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல் புதுத் தொட்டி வாங்கியவர்கள் வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

மீன் தன் கழிவில் பெரும்பங்கை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியே விடுகிறது. அதற்கு நிறம் கிடையாது. தண்ணீர் பளிச்சென்று இருக்கும்போதே மீன் செவுள் வெந்து சாகும். பழைய தொட்டியில் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும். அதில் வாழும் நுண்ணுயிரிகளில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தத்தையே பழுப்பாக்கி மூச்சுத் திணற வைக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். உன் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இன்னும் குடியேறவே இல்லை.

உன் போர் தண்ணீரின் பிஹெச் 8 என்றாய். அங்கேதான் இன்னொரு சிக்கல். 28 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 தண்ணீரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு அம்மோனியா பிஹெச் 8 தண்ணீரில் விஷ வடிவில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர்தான் இந்த நுண்ணுயிரிகளுக்குப் பிடிக்கும். நம் ஊர் வெயிலும் பிடிக்கும். கடைக்காரர் கொடுத்த ஆன்டி குளோரின் படிகம் உனக்குத் தேவையே இல்லை, போர் தண்ணீரில் ஏது குளோரின்? அந்த நீல மருந்தையும் எடுத்து வை. அது ஃபில்டரில் வளர வேண்டியவற்றையும் கெடுக்கும்.

பாட்டி பாலுக்கு உறை ஊற்றுவதைப் பார்த்திருப்பாய். அதே கதைதான், வேகம்தான் வேறு. தயிர் ஒரே ராத்திரியில் உறைந்துவிடும். இந்த நுண்ணுயிரிகள் ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உறை இல்லாமல் விட்டால் நாலு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். என் நாலடித் தொட்டியில் மூன்று வருஷமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை உனக்கு உறையாகத் தருகிறேன். பிழிந்தால் டீ டிகாஷன் மாதிரி வரும், முகம் சுளிக்காதே. என் தொட்டித் தண்ணீரை மட்டும் வாளியில் மொண்டு போய் ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. அவை தண்ணீரில் மிதப்பதைவிட ஒட்டிக்கொண்டு வாழ்பவை.

ஸ்பாஞ்சுக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்கு நவச்சாரம். ஈயம் பூசுகிறவர் சூடான பித்தளைப் பாத்திரத்தில் தூவுவாரே, குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும், அதேதான். வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. நாட்டு மருந்துக் கடைச் சரக்கு எவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது, லேப் கெமிக்கல் விற்கும் கடையில் வாங்கு. 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, மீன்களை எல்லாம் எடுத்த பிறகு, அதில் 10 மில்லியை உன் தொட்டியில் ஊற்று. உன் தொட்டி 50 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் சுமார் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா. தண்ணீரில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் டெஸ்ட் கிட் விலை கொஞ்சம் அதிகம்தான், ஆறு கோல்ட் ஃபிஷ்ஷை வாங்கிக் கொன்றதற்கு இது பரவாயில்லை. ஊற்றிய 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். முதலில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும். அங்கே நின்றுபோன மாதிரி இருக்கும், பொறுமையாக இரு.

நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்பாய். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் நின்றே கிடந்தது, உள்ளே காற்றில்லாமல் அழுகிவிட்டது. கரண்ட் வந்ததும் ஆசையாக ஸ்விட்சைப் போட்டேன். அழுகிய முட்டை நாற்றம். மறுநாள் ஒன்பது மீன். அதற்குப் பிறகும் ஒருமுறை ஸ்பாஞ்சைக் குழாயடியில் மெட்ரோ தண்ணீரில் வெள்ளை வெளேரென்று கழுவியிருக்கிறேன், அந்தக் குளோரினில் மிச்சமும் போனது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி, அவ்வளவுதான் கழுவல்.

அந்த 2015 கடைசியில்தான் வேறொன்றும் வெளியானது. இரண்டு கட்ட வேலைக்கு இரண்டு உயிரினம் வேண்டும் என்பது 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் விநோகிராட்ஸ்கி காலத்திலிருந்து வந்த பாடம். ஆனால் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா ஒன்றை இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில்! நான் கழுவி ஊற்றிய சேற்றில் என்னென்ன இருந்ததோ.

மிச்சமிருக்கும் மூன்று மீனையும் ஞாயிறு காலை மூடி போட்ட வாளியில் இங்கே கொண்டுவா, என் தொட்டியில் இருக்கட்டும். அதுவரை தீனி போடாதே, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று. கல்லுப்பு ஒரு டீஸ்பூன் கரைத்து ஊற்று, நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதை அது தடுக்கும். திரும்பும்போது ஸ்பாஞ்ச் காயக்கூடாது, அதற்கு இன்னொரு வாளியும் எடுத்து வா. பத்து மணிக்கு மேல் வா, அதற்குமுன் மாமா தொட்டிப் பக்கம் யாரையும் விடமாட்டார்.

அன்புடன்,
அத்தை