ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது. அடுத்த பிப்ரவரியிலேயே 60 ஆக்கினார்கள். அரசுக்கு மிச்சம் எவ்வளவு என்று பலரும் கணக்குப் போட்டார்கள். பிள்ளைக்கு 60 ஆகும்போது அம்மாவுக்கு 80, அப்பாவுக்கு 85 என்ற கணக்கை அவ்வளவாக யாரும் போடவில்லை. ‘ரிட்டயர் ஆனதும் ஊரோடு இருந்து பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்திருந்தவர்களுக்கு இரண்டு வருடம் கையைவிட்டுப் போனது.

ஓய்வு பெறுவோருக்குச் சொல்லப்படும் யோசனையெல்லாம் பணத்தை எங்கே போடுவது என்பதோடு நின்றுவிடுகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம் என்பதை அஞ்சலக வாசலில் நிற்கும் யாரும் சொல்வார்கள். கொரோனா வருடங்களில் வீடுகள் திணறியது பணத்துக்காக மட்டுமல்ல. காகிதம் சரியாக இல்லாததும், வாங்கிய கருவியைக் கையாளத் தெரியாததும் பாதிக் காரணம். பணிக்காலத்தின் கடைசி வருடத்தை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

அப்பா அரசு ஓய்வூதியர் என்றால் அவருடைய பி.பி.ஓ. புத்தகத்தை, அதாவது ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தை, இன்றே எடுத்துப் பாருங்கள். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கிறதா? பழைய புத்தகங்கள் பலவற்றில் இருக்காது. அப்பா இருக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. அவருக்குப் பின் அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயது முடிந்தால் 20 விழுக்காடும், 85 முடிந்தால் 30 விழுக்காடும் கூடுதலாக உண்டு. பிறந்த தேதி பதிவில் இல்லையென்றால் அந்தக் கூடுதல் தொகை தானாக வந்து சேராது. பெயரும் அப்படித்தான். புத்தகத்தில் ‘பழனியம்மா’, ஆதாரில் ‘பழனியம்மாள்’, வங்கியில் இனிஷியல் வேறு. அப்பா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது ஒரு மனுவோடு முடிகிற வேலை இது. பின்னால் என்றால் உறுதிமொழிப் பத்திரம், வாரிசுச் சான்று, வட்டாட்சியர் அலுவலகம் என்று நீளும்.

ஓய்வூதியக் கணக்கை அப்பா, அம்மா இருவர் பெயரிலும் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ (இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவருக்குப் பின் மற்றவர் எடுக்கலாம்) என்று மாற்றிவிடுவது நல்லது. நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர்தான், உரிமையாளர் அல்ல. படுக்கையில் இருப்பவர் கையெழுத்துப் போட முடியாவிட்டால் பெருவிரல் ரேகை செல்லும். சாட்சிகள் இருவர் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் கேட்டால்தான் வருவார்கள்.

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் காட்ட வருடந்தோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். மாநில ஓய்வூதியருக்கு 2020, 2021 இரண்டு வருடமும் இதற்கான கருவூல நேர்காணலுக்கு விலக்கு இருந்தது. அந்த ஞாபகத்திலேயே இருந்துவிடாமல், இப்போது உங்கள் பெற்றோருக்கு எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர். 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். மில், எஸ்டேட் வேலையில் பி.எஃப். ஓய்வூதியம் வாங்குவோர் எந்த மாதமும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். தபால்காரரே வீட்டுக்கு வந்து சான்றை எடுத்துக்கொடுப்பார்.

தறியிலும் கொலுசுப் பட்டறையிலும் காலம் தள்ளிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கும் அப்படித்தான். ரேஷன் கடையில் விழாத ரேகை, இந்தச் சான்றுக்கு ரேகை வைக்கும் கருவியிலும் விழாது. கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு, பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விரலோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால், 2021 நவம்பர் முதல் முகத்தைப் படம்பிடித்தே சான்று எடுக்கும் வசதி கைப்பேசியில் இருக்கிறது. பெரியவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்கக் கூடாது, வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கண் சிமிட்டச் சொல்லும்போது சிமிட்ட வேண்டும். சான்று பதிவானதற்கான பிரமாண் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், ஓய்வூதியம் வழங்கும் வங்கியைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பின்னால் நிராகரித்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து நிலையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இனி கருவிகள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஆக்ஸிமீட்டர், 2021-ல் வாங்கியது, பெரும்பாலான வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் பேட்டரி கசிந்து கிடக்கிறது. பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் 86, 88 என்று காட்டினால் பதறுவதற்கு முன் கையைத் தொட்டுப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து தவறாகக் காட்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் சேலத்தில் 97 இருப்பவருக்கு மலையில் ஒன்றிரண்டு குறையலாம். அதனால் பெரியவர் நலமாக இருக்கும்போதே ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து, அவருக்கு வழக்கமான எண் எது என்று எழுதிவையுங்கள். அதிலிருந்து மூன்று குறைந்தாலோ 94-க்குக் கீழே போனாலோ மருத்துவரைக் கேளுங்கள். கை சூடாக இருந்தும் 90-க்குக் கீழே என்றால் யோசிக்க நேரமில்லை, 108-ஐ அழையுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் அளவு வேறு, அது கீழே இருக்கிறது.

ஆக்சிஜன் விஷயத்தில் அளவு தெரியாமல் பலர் பயந்தார்கள். 2021 மே மாதம் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போடும் அளவுக்கு அன்று தட்டுப்பாடு. இன்று அந்த நிலை இல்லை. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் இதய நோய்க்கும் வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர் இருக்கிறார்கள். சிறிய ‘பி’ சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 12 மணி நேரம் சொச்சம், 5 லிட்டர் என்றால் ஐந்தே மணி நேரம். பெரிய ‘டி’ சிலிண்டரில் 7,000 லிட்டர். வால்வில் எண்ணெய்க் கை படவே கூடாது, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையும்தான். அந்த அறையில் சாமி விளக்கு, கற்பூரம், கொசுவர்த்தி வேண்டாம்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் என்றால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரப்பதக் குடுவையில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். 5 லிட்டர் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டரில், பேட்டரி புதிதாக இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஓடும். பழைய பேட்டரி என்றால் பாதிகூடத் தாங்காது, எனவே பக்கத்தில் ஒரு சிலிண்டர் இருந்தாக வேண்டும். கட்டிலுக்கு அடியில் சும்மா கிடக்கும் கருவியை மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே ஆக்சிஜனைப் பிரிக்கும் ஜியோலைட் என்ற பொருள் ஈரத்தை இழுத்துக்கொண்டால் கருவி ஓடும், காற்று வரும், ஆனால் ஆக்சிஜன் இருக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் பீடி குடித்த அப்பாவுக்கும் விறகடுப்பில் சமைத்த அம்மாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு இருந்தால், 98 காட்டட்டும் என்று ஆக்சிஜனைக் கூட்டிவைக்காதீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, ஆழ்ந்து தூங்குவதுபோல் மயக்கத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு 88-லிருந்து 92 வரை போதும். அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டைக் கருவியிலேயே ஒட்டுங்கள்.

மாத்திரையிலும் ஒரு சிக்கல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அருமையான திட்டம். ஆனால் தனியார் மருத்துவர் எழுதிய அதே ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் வேறு பெயரில் இன்னொரு அட்டையில் இருக்கும். இரண்டையும் விழுங்கிவிட்டு இரவில் எழுந்தவர் தலைசுற்றி விழுவார். அட்டையில் கொட்டை எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். சாப்பிடாத நாளில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தால் சர்க்கரை சரிந்து உளறல் வரும். அதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நினைவும் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கடைசியாக, ஏற்காடு மலையில் இருப்பவர்களுக்கு. ஆம்புலன்ஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வர வேண்டும். மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழிதான் கதி. ‘நாகலூர் தாண்டி, எஸ்டேட் பக்கம்’ என்று சொன்னால் ஓட்டுநர் எங்கே போவார்? எஸ்டேட் கேட்டின் பெயர், அருகில் உள்ள மின்கம்பத்தின் எண், பெரியவர் சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அஞ்சல் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: சிக்னல் கிடைக்காத மலைக்கிராமங்களில் உயிர்வாழ் சான்றுக்கு எந்த நாளில், சிக்னல் கிடைக்கும் எந்த இடத்துக்கு வருவீர்கள் என்பதை ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைப் பலகையில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியரும் கருவூலக் கணக்கரும்,
அஸ்தம்பட்டி, சேலம்-7.