தலைக்கு ஊற்றிவிட்ட அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். உண்ணி கடித்ததால் வந்த லைம் என்ற கிருமித்தொற்றுக்கு மருந்து ஏற்றக் கையில் போட்டிருந்த பிக் லைன் குழாயை எடுத்தாயிற்று, ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியாயிற்று. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்த கதை உங்களுக்குத் தெரியும், அதற்குள் மறுபடி போகவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா. பேரைப் போட்டால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று மிரட்டியிருக்கிறார், அதனால் அக்கா என்றே இருக்கட்டும். முன்னால் எங்களுக்குள் பெரிய பழக்கம் கிடையாது, வாசலில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எனக்கு வந்த மருந்துப் பார்சலை ஒரு நாள் அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொண்டுவந்து நீட்டியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சும்மா?" என்றார். என்ன நோய், எப்போது சரியாகும், ஒரு உண்ணி கடித்ததற்கா இத்தனை மாதம் மருந்து என்று வழக்கமாக வருகிற கேள்வி ஒன்றுகூட வரவில்லை.

பிக் லைன் போட்டவர்களுக்கு இது புரியும். மேல்கை ரத்தக்குழாயில் நுழைத்து இதயத்துக்குப் பக்கம் வரை போகிற மெல்லிய குழாய் அது, ஈரம் பட்டுக் கிருமி ஏறினால் நேராக ரத்தத்துக்குத்தான் போகும். அதனால் அந்தக் கையை நனைக்கக் கூடாது. இன்னொரு கைக்கோ மூட்டு வலி, தோளுக்கு மேல் தூக்கினால் உயிர் போகும். உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம், சிக்குப் பிடித்துப்போன தலையை என்ன செய்வது? மருந்துக்கு, டெஸ்டுக்கு, பணத்துக்கு எல்லாம் மற்றவர்களிடம் வாய் திறந்து கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மறுநாளே வந்துவிட்டார். நாற்காலியை வாஷ்பேசினுக்கு முதுகு காட்டிப் போட்டு, என் கழுத்துக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, லைன் இருக்கிற கையைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி மடியில் ஒரு தலையணை மேல் கிடத்திவிட்டு, குவளைத் தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பார். சூடு சரி என்று பட்டால்தான் என் தலைக்கு. நகம் படாமல் விரல் நுனியால் தேய்ப்பார், காது மடலுக்குப் பின்னால் நுரை தங்க விடமாட்டார். பேச்சு முழுக்க அவருடைய மாமியாரைப் பற்றித்தான். (மாமியார் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், அந்தக் கதைகளுக்காகவே வாரா வாரம் காத்திருந்தேன்.)

அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் சட்டென்று நிறுத்தி, "இந்தக் கை அந்தக் கையை விடத் தடிமனா இருக்கே, பாத்தியா?" என்றார். லைம் வந்த உடம்பில் எது எப்போது வலிக்கும், எது வீங்கும் என்று கணக்கே கிடையாது, ஆனால் அவர் விடவில்லை. தலையில் கட்டிய துண்டோடு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் பார்த்தால், குழாய் போயிருந்த இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அக்கா, நீங்கள் ஊற்றியது தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், வாரம் ஒருமுறை கட்டு மாற்றிவிட்ட நர்ஸ், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி நேரமாவது படுக்காதீர்கள், பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள், வெயிலில் நிற்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அலுக்காமல் சொன்ன மருந்தாளுநர், என் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட அலுவலக நண்பர்கள், ராத்திரி எந்நேரம் எழுதினாலும் பதில் போட்ட சக நோயாளிகள், எல்லாருக்கும் நன்றி.

ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்று சொன்ன டாக்டருக்கும் நன்றி. மருந்தை நீட்டித்தால்தான் குணமாகும் என்று நம்புகிற உங்களில் சிலருக்கு அவர்மேல் கோபம் என்று தெரியும். அவர் என் வலியைப் பொய் என்று சொல்லவில்லை. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லைமுக்கு மருந்து எடுத்தும் தொந்தரவு தீராதவர்களுக்கு 30 நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, அதற்குமேல் 60 நாள் டாக்சிசைக்ளினும் கொடுத்திருக்கிறார்கள், போலி மருந்து எடுத்தவர்களை விட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. 2016இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் இரண்டு வாரம் செஃப்ட்ரியாக்சோனுக்குப் பிறகு 12 வாரம் மாத்திரை கொடுத்தும் அதே முடிவுதான். இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, "உங்க வலி நிஜம், இந்த மருந்து அதுக்கு வேலை செய்யலன்னுதான் சொல்றேன்" என்றார். ஆரம்பத்தில் எடுத்த மாத்திரைகளால் என் முழங்கால் வீக்கம் வற்றியது, அதில் சந்தேகமில்லை. அதற்கப்புறம் வந்த மாதங்களில் நல்ல நாளும் இருந்தது, படுமோசமான நாளும் இருந்தது, அது மருந்தாலா, காலம் போனதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நீட்டித்ததால்தான் பிழைத்தேன் என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன், நானும் அதே நம்பிக்கையில்தான் கையை நீட்டினேன். ஆனால் இனிமேல் லைன் போடப்போகிறவர்கள், ரத்தத்தில் கிருமி ஏறுவது, ரத்தம் உறைவது, செஃப்ட்ரியாக்சோனால் பித்தப்பையில் கசடு சேர்வது, குடலைப் பிடித்து ஆட்டும் வயிற்றுப்போக்கு, இது எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

களைப்பு இன்னும் இருக்கிறது, மூட்டும் முழுசாக விடவில்லை. கை தூக்க முடிந்ததும் ஒரு காரியம் செய்யப்போகிறேன்: யாராவது லைனோடு வீட்டில் அடைந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டால் குவளையும் ஷாம்பூவுமாகப் போய் நிற்பேன். சொல்வதற்கு என்னிடம் மாமியார் கதை கிடையாது, ஏதாவது தேற்றிக்கொள்கிறேன். "இன்னுமா சரியாகல?" என்று மட்டும் கேட்கமாட்டேன்.

இன்னொன்று. குளிக்கும்போது லைன் நனையாமல் இருக்கக் கையில் மாட்டுகிற உறை இரண்டு பிரிக்காமலே என்னிடம் இருக்கிறது. பெரியவர்களுக்கான அளவு. தேவைப்படுகிறவர்கள் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.