பெட்டியில் லீக்ஸ் வேண்டாம், சேது

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். பதில் தாமதம்தான், திட்டுவதை நேரில் திட்டிக்கொள்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஓரமாக எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த அவசரம். இங்கிலாந்திலிருந்து வரும்போது மகள் பாபிங்டன் லீக்ஸின் குமிழ்களைப் பெட்டியில் போட்டு எடுத்து வருகிறாளாமே, ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கிற அந்த வெங்காய ஜாதிச் செடியை! வேண்டாம்டா. இன்றைக்கே போன் போட்டுச் சொல். 2003-ஆம் வருஷத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடுவதற்கென்று கொண்டுவரும் குமிழுக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றும் வேண்டும். மீனம்பாக்கத்தில் பிடுங்கிக்கொண்டால் அது சின்ன நஷ்டம். பிடுங்காமல் விட்டால்தான் எனக்குப் பயம். வெங்காயம், பூண்டு வகைகளை அடியோடு அழிக்கிற வெள்ளை அழுகல் பூஞ்சை, கசகசா அளவுக் கரும் உருண்டைகளாகக் குமிழோடு ஒட்டி வரும். மண்ணில் விழுந்தால் 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். குளிர்ந்த மண் அதற்கு ரொம்பப் பிடிக்கும். நீயோ பாதியைக் குன்னூர் மச்சானுக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். அந்த மலையில் பூண்டை நம்பிப் பிழைக்கிறவர்களை நினைத்துப் பார்.

சட்டத்தை விடு, அந்தச் செடிக்கே சென்னை ஆகாது. பாபிங்டன் லீக்ஸ் கார்ன்வால், மேற்கு அயர்லாந்துப் பக்கத்துக் கடலோரச் செடி. கடலோரம் என்றதும் பெசன்ட் நகரை நினைத்துக்கொண்டாயாக்கும்! அது குளிரில் வளர்ந்து, கோடையில் காய்ந்து மண்ணுக்குள் உறங்குகிற ஜாதி. பூத்தண்டின் உச்சியில் வரும் குட்டிக் குமிழை நட்டால், வெட்டுகிற பருமனுக்கு வர அங்கேயே இரண்டு மூன்று வருஷம் ஆகும். நம் மார்கழி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது.

ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் வெட்ட வெட்டத் துளிர்க்க வேண்டும், அவ்வளவுதானே? கார்லிக் சைவ்ஸ் வை. மணிப்பூரில் வீட்டுக்கு வீடு வளர்க்கிற மரோய் நகுப்பி இதுதான். தட்டை இலை, பூண்டு வாசம், வெள்ளைப் பூ. விதையைவிடத் தூர், அதாவது வேரோடு கூடிய அடிக்கொத்து, பிரித்து நடுவதே மேல். விதை ஒரு வருஷம் பழசானால் முளைப்புப் படுத்துவிடும்.

12 அங்குலச் செடிப் பை போதும், வேர் ஆழம் போகாது. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒன்று, தேங்காய் நார்த்தூள் ஒன்று, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தே சேர், அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். தூரின் வேரை இரண்டு அங்குலமாகவும் தாளை நாலு அங்குலமாகவும் நறுக்கி, ஐந்தாறு கன்றுகளை ஒரே குழியில் வை. தை மாதம் நட்டால் சித்திரைக்குள் வேர் ஊன்றிவிடும்.

முதல் மூன்று மாதம் கத்தியே படக்கூடாது. பிறகு மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே, கூரான கத்தியால், ஒரே வெட்டு. பறிக்காதே, இழுத்தால் தூர் ஆட்டம் கண்டுவிடும். வெள்ளைத் தண்டுக்குக் கீழே வெட்டினால் துளிர் தாமதப்படும், மழையில் அழுகவும் செய்யும். வெட்டியதும் ஒரு கைப்பிடி உரம், அடுத்த வெட்டு நாலைந்து வாரம் கழித்து. கணேசன் பேச்சைக் கேட்டு யூரியா போடாதே. இலை தளதளவென்று வரும், பின்னாலேயே அசுவினி மொய்க்கும்.

அக்னி நட்சத்திரத்தில் செடியைச் சாகடிப்பது வெயிலைவிட மாடித் தளத்தின் சூடு. பையைச் செங்கல் மேல் ஏற்று, 50 சதவீத நிழல்வலை கட்டு. உன் போர் தண்ணீர் உப்பு என்பதால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு, அடித்துளை வழியே வழிந்தோட விடு. ஐப்பசி மழையில் நேர் எதிர்: துளை அடைத்தால் இரண்டே நாளில் தூர் அழுகி நாறும். பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, பையை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்து. இலையில் வெள்ளிக் கீற்றுத் தெரிந்தால் இலைப்பேன். இலைகள் பிரியும் இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயந்திரம் அந்த இடுக்கு நனையத் தெளி.

இரண்டு மூன்று வருஷத்தில் நடுத்தூர் நெருங்கி இலை நூலாகும். அப்போது பெயர்த்துப் பிரி.

லீக்ஸ் ருசிதான் வேண்டும் என்று ராஜி அடம் பிடித்தால், இங்கிலீஷ் காய்க் கடையில் வேர் ஒட்டியிருக்கிற ஊட்டி லீக்ஸாகப் பார்த்து வாங்கு. அடி இரண்டு அங்குலத்தைக் கார்த்திகைக் கடைசியில் நடு, நடுவிலிருந்து தாள் வரும். மாசி வரை கிள்ளிக்கொள்ளலாம், பங்குனி வெயிலுக்கு அது நிற்காது.

இங்கே இரண்டு பை பிரிக்கிற பதத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமாக வா, ஒரு பழைய வேட்டித் துணி எடுத்து வா. தூரை ஈரத்துணியில் சுற்றித்தான் தருவேன். பிளாஸ்டிக் கவரில் போட்டால் தாம்பரம் போவதற்குள் வெந்துவிடும்.

அன்புடன்,
பாலு